பழைய தியேட்டர் கார்ட்டூன்களை இயக்குநர் பெயர் பார்த்துப் பார்ப்பது எப்படி

டாம் அண்ட் ஜெர்ரியும் பக்ஸ் பன்னியும் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் பெரும்பாலோர் அவற்றைப் பார்த்தது டிவியில்தான், அதுவும் பாதியில் ஆரம்பித்து, நடுவில் விளம்பரம் வந்து, பெயர் போடும் இடத்தை யாரும் கவனிக்காமலேயே. இந்தப் படங்கள் டிவிக்காக எடுக்கப்பட்டவை அல்ல. 1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்கத் தியேட்டர்களில், முழுநீளப் படத்துக்கு முன்னால் செய்திப்படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காக, முழு ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைத்து, ஒவ்வொரு ஓவியத்தையும் கையால் வரைந்து எடுத்த ஆறேழு நிமிடப் படங்கள். பெரியவர்களும் சிறியவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் இருட்டறையில் எல்லோரையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பதுதான் அவர்கள் வேலை.

இவற்றை இப்போது திரும்பப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: கதாபாத்திரத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், இயக்குநரின் பெயரை வைத்துத் தேடுங்கள். பக்ஸ் பன்னி என்று ஒரே ஒரு முயல் இல்லை. டெக்ஸ் ஏவரியின் முயல் வேறு, பாப் கிளாம்பெட்டின் முயல் வேறு, ஃப்ரிஸ் ஃப்ரீலெங்கின் முயல் வேறு, சக் ஜோன்ஸின் முயல் வேறு. இது பிடிபட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான படங்களில் எதைப் பார்ப்பது என்ற குழப்பம் போய்விடும், ஏற்கெனவே பார்த்த படங்களும் புதிதாகத் தெரியும்.

மூன்று ஆமைப் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள்

ஆமையும் முயலும் ஓட்டப்பந்தயம் ஓடும் கதை நமக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் கூடத்தில் அந்தக் கதையை பக்ஸ் பன்னியை வைத்து மூன்று இயக்குநர்கள் மூன்று முறை எடுத்தார்கள். முயலும் அதே, செசில் என்ற ஆமையும் அதே, முயலுக்கு எப்படியும் நல்லது நடக்காது என்ற முடிவும் அதே. ஆகவே மாறுவது இயக்குநரின் கை மட்டும்தான். பாடம் படிக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

முதலில் 1941இல் டெக்ஸ் ஏவரி எடுத்த 'டார்டாய்ஸ் பீட்ஸ் ஹேர்'. படம் தொடங்கும்போது பெயர் அட்டை வருகிறது, பக்ஸ் கேரட்டைக் கடித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்து, அதில் உள்ள பெயர்களைத் தப்புத் தப்பாக உச்சரித்துப் படிக்கிறது, கடைசியில் படத்தின் பெயரைப் பார்த்ததும் ஆத்திரத்தில் அட்டையையே கிழித்து எறிகிறது. ஏவரி இதுதான். தான் ஒரு கார்ட்டூனுக்குள் இருப்பது கதாபாத்திரத்துக்குத் தெரியும், பார்ப்பவர்களிடம் நேராகத் திரும்பிப் பேசும், திரையின் ஓரம்கூட அதற்கு விளையாட்டுப் பொருள். ஆமை தன் சொந்தக்காரர்களையெல்லாம் வழி நெடுக நிறுத்தி வைத்து ஜெயிப்பதையும் கவனியுங்கள். பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், முயலுக்கு மட்டும் தெரியாது.

அடுத்து 1943இல் பாப் கிளாம்பெட் எடுத்த 'டார்டாய்ஸ் வின்ஸ் பை எ ஹேர்'. முந்தைய படத்தில் தோற்ற காட்சியை பக்ஸ் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துப் புலம்புவதிலிருந்து இது தொடங்குகிறது. கிளாம்பெட்டிடம் உடம்புக்கு எலும்பே கிடையாது. கோபம் வந்தால் முகம் மட்டும் கோபப்படாது, காது, தோள், கால் என்று எல்லாம் ரப்பராக இழுபட்டுக் கோபப்படும். ஆமை மாதிரி ஓடு செய்து மாட்டிக்கொண்டு ஓடும் முயலை, ஆமை என்று நினைத்துச் சூதாட்டக்கார முயல் கும்பல் அடித்துத் துவைக்கிறது. வெறி பிடித்த வேகம்.

மூன்றாவது, 1947இல் ஃப்ரிஸ் ஃப்ரீலெங் எடுத்த 'ராபிட் டிரான்சிட்'. இங்கே எல்லாம் நிதானமாகிவிடுகிறது. ஆரவாரம் குறைவு, ஆனால் ஒவ்வொரு அடியும் விழ வேண்டிய நொடியில் விழும். முயல் இந்த முறை ஜெயித்தே விடுகிறது, ஜெயித்த கையோடு அதிவேகத்தில் வந்ததற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது.

மூன்றையும் ஒரே மாலையில், நடுவில் சின்ன இடைவெளி விட்டுப் பாருங்கள். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குப் பிறகு பெயர் அட்டை இல்லாமல் ஒரு படத்தைப் போட்டாலும், இது யார் எடுத்தது என்று ஓரளவு யூகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

சக் ஜோன்ஸுக்குத் தனி மாலை ஒதுக்குங்கள்

மேலே சொன்ன மூன்றில் சக் ஜோன்ஸ் இல்லை, அவரைத் தனியாகப் பார்ப்பதுதான் சரி. அவருடைய பக்ஸ் யாரையும் வலியப் போய்த் தொந்தரவு செய்யாது. தன் வளையில் தன்பாட்டில் இருக்கும், யாராவது வந்து வம்பிழுத்த பிறகுதான் போரை அறிவிக்கும். அவர் எடுத்த வேட்டைப் படங்கள் மூன்று, 'ராபிட் ஃபயர்' 1951, 'ராபிட் சீசனிங்' 1952, 'டக்! ராபிட், டக்!' 1953. இவற்றை வரிசையாகப் பார்க்கும்போது அடி விழும் இடத்தைவிட, அடி விழுந்த பிறகு வரும் மௌனத்தைக் கவனியுங்கள். துப்பாக்கி வெடித்து, டாஃபி என்ற வாத்தின் அலகு தலைக்குப் பின்னால் போய்விட்டிருக்கும், டாஃபி அதை மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்க்கும். சிரிப்பு அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. கதை எழுதிய மைக்கேல் மால்டீஸின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஜோன்ஸின் நல்ல படங்கள் பலவற்றில் அவர் இருப்பார்.

பிறகு 'டக் அமக்', 1953. டாஃபி ஒரு காட்சியில் நடிக்க வருகிறது, பின்னணி மாறிக்கொண்டே இருக்கிறது, பிறகு பின்னணியே காணாமல் போகிறது, குரல் போகிறது, உடம்பே அழிக்கப்படுகிறது. ஒரு கதாபாத்திரத்திடமிருந்து நிறம், உருவம், சத்தம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்ட பிறகும் அது டாஃபிதான் என்று நமக்குத் தெரிகிறது அல்லவா, அதைத்தான் ஜோன்ஸ் காட்டுகிறார். கார்ட்டூன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். 1999இல் இது அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது, ஜோன்ஸின் 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' 1992லேயே அங்கே போய்விட்டது.

ஜோன்ஸ் படத்தில் முகத்தைப் படிக்கப் பழக வேண்டுமென்றால் 1952இல் வந்த 'ஃபீட் த கிட்டி' எடுங்கள். முரட்டுப் புல்டாக் ஒன்று சின்னப் பூனைக்குட்டி மேல் பாசம் வைத்துவிடுகிறது, குட்டி மாவோடு மாவாகப் போய் பிஸ்கட்டாகிவிட்டது என்று தப்பாக நினைத்துக்கொண்டு அழுகிறது. புருவம், வாய் ஓரம், தொங்கும் கன்னம், இவ்வளவுதான் கருவி. சிரித்துக்கொண்டே இருப்பவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ரோட் ரன்னர் படங்கள் பற்றி ஒரு யோசனை: அடுத்தடுத்து நாலைந்து பார்க்காதீர்கள். 1949இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபரியஸ்' வந்தபோது மக்கள் ஒரு படம் பார்த்தார்கள், அடுத்ததுக்குப் பல மாதம், முதலில் சில வருஷமே, காத்திருந்தார்கள். தொடர்ந்து பார்த்தால், ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் கொயோட்டியின் தோல்வி வெறும் கணக்காகிவிடும். ஒன்று பாருங்கள், ஆனால் கொயோட்டி மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்பதிலிருந்து கீழே புழுதி கிளம்பும் வரை எவ்வளவு நேரம் என்று கவனித்துப் பாருங்கள். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சிரிப்பு வராது.

ஒரே படத்தை நான்கு விதமாகப் பாருங்கள்

பிடித்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை சும்மா பாருங்கள், எதையும் ஆராய வேண்டாம், சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வார்னர் படங்களுக்கு 1936 முதல் 1958 வரை இசையமைத்தவர் கார்ல் ஸ்டாலிங். ஊமைப்படக் காலத்தில் கான்சஸ் சிட்டி தியேட்டரில் திரையைப் பார்த்துக்கொண்டே ஆர்கன் வாசித்தவர், அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை. வார்னர் நிறுவனத்திடம் இருந்த பாட்டுக் களஞ்சியம் முழுவதும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அதனால் திரையில் சாப்பாடு வந்தால் சாப்பாட்டைப் பற்றிய பாட்டின் இரண்டு வரி, பணம் வந்தால் பணத்தைப் பற்றிய பாட்டின் இரண்டு வரி என்று நொடிக்கு நொடி மாற்றுவார். இயந்திரமோ கன்வேயர் பெல்ட்டோ ஓடினால் ரேமண்ட் ஸ்காட்டின் 'பவர்ஹவுஸ்' என்ற இசை வரும், பெயர் தெரியாவிட்டாலும் கேட்டவுடன் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். நம் ஊரில் ஒரு காட்சிக்குப் பின்னால் பழைய பாட்டின் மெட்டைப் புல்லாங்குழலில் லேசாகக் காட்டினால் தியேட்டரே புரிந்துகொண்டு சிரிக்கும் இல்லையா, அன்றைய அமெரிக்க ரசிகர்களுக்கு ஸ்டாலிங் கொடுத்தது அதே சுகம். அப்புறம் ட்ரெக் பிரவுன் சேர்த்த சத்தங்கள். அவருடைய சிறப்பு, திரையில் இருக்கும் பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தைப் போட்டு அதைச் சரியாகத் தோன்ற வைப்பது. குரல்களில் பெரும்பகுதி மெல் பிளாங்க் ஒருவரே. பக்ஸ், டாஃபி, போர்க்கி, சில்வெஸ்டர், ட்வீட்டி எல்லாம் அவர்தான். வேட்டைக்காரன் எல்மர் ஃபட் மட்டும் ஆர்தர் க்யூ. பிரையன், அவருக்குத் திரையில் பெயர் போடவில்லை.

மூன்றாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாமலேயே யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று புரிகிறதா? புரிந்தால் அது நன்றாக நடித்து வரையப்பட்ட படம்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பது. கணினியில் வி.எல்.சி. பிளேயர் இருந்தால் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும், யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் முன்னால் போகும், காற்புள்ளி விசையை அழுத்தினால் பின்னால் வரும். நொடிக்கு 24 ஃபிரேம். ஆறு நிமிடப் படம் என்றால் 540 அடி ஃபிலிம், 8640 ஃபிரேம். முதலில், ஒவ்வொரு ஓவியமும் எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, வேகமான இடங்களில் ஒன்று. பிறகு ஒரு கதாபாத்திரம் சட்டென்று இடம் மாறும் நொடியில் நிறுத்துங்கள். அங்கே முயலோ பூனையோ இருக்காது, ஒரு நீண்ட வண்ணத் தீற்றலோ, நான்கு தலையும் எட்டுக் கையும் உள்ள ஓர் உருவமோ இருக்கும். கண் அதைத் தனியாகப் பார்க்காது, வேகமாக மட்டும் உணரும். ஜோன்ஸ் 1942இல் எடுத்த 'த டோவர் பாய்ஸ்' படத்தில் இந்த உத்தியைத் துணிந்து வெளிப்படையாகப் பயன்படுத்தினார். அதில் விலங்கு கிடையாது, ஆனால் இதைப் பழக அதைவிட நல்ல படம் இல்லை.

எம்ஜிஎம் பக்கம்

எம்ஜிஎம் கூடத்தின் டாம் அண்ட் ஜெர்ரியில் இயக்குநர் பிரச்சினை எளிது: 1940 முதல் 1958 வரை வந்த 114 படங்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சேர்ந்து எடுத்தவை. ஓவியமும் நகைச்சுவையும் பார்பெரா, காலக் கணக்கு ஹன்னா. டாம் வலியில் போடும் அந்த அலறலும் ஹன்னாவின் குரல்தான்.

இங்கே வருஷத்தை வைத்துப் பாருங்கள். முதல் படமான 'புஸ் கெட்ஸ் த பூட்' 1940இல் வந்தபோது பூனையின் பெயர் ஜாஸ்பர், உடம்பு முழுக்க ரோமம், நடையும் நிஜப் பூனை நடை. அடுத்து 1944இன் 'மவுஸ் டிரபிள்' பாருங்கள், எலி பிடிப்பது எப்படி என்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு டாம் ஒவ்வொரு அத்தியாயமாக முயற்சி செய்யும் படம். நாலே வருஷத்தில் வேகம் பல மடங்கு கூடியிருக்கும். காரணம் பக்கத்து அறைக்கு வந்து சேர்ந்தவர், வார்னரை விட்டு 1941இல் எம்ஜிஎம்முக்கு மாறிய டெக்ஸ் ஏவரி. அவருடைய வேகத்தைப் பார்த்த பிறகு ஹன்னாவும் பார்பெராவும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே ஏவரியின் எம்ஜிஎம் படங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'கிங்-சைஸ் கேனரி', 1947. செடிக்கு ஊற்றும் வளர்ச்சி மருந்தைப் பறவை குடிக்கிறது, பூனை குடிக்கிறது, நாய் குடிக்கிறது, எலி குடிக்கிறது, ஒருவரை ஒருவர் மிஞ்சி வளர்ந்துகொண்டே போய், மருந்து தீரும் இடத்தில்தான் படம் முடிகிறது, அப்போது நிற்பதற்குப் பூமி உருண்டைதான் மிச்சம். 'பேட் லக் பிளாக்கி', 1949. கொடுமைக்கார நாயிடம் மாட்டிய பூனைக்குட்டி விசில் ஊதினால் கருப்புப் பூனை குறுக்கே போகும், மேலேயிருந்து நாயின் தலையில் ஏதாவது விழும். பூந்தொட்டியில் ஆரம்பித்து சிங்க், குளியல் தொட்டி, விமானம், பஸ், கப்பல் வரை விழுகிறது. ஒவ்வொரு முறையும் விசிலுக்கும் விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஏவரி எப்படி மாற்றுகிறார் என்று பாருங்கள். என் கணக்கில் சிரிப்பைக் கட்டும் கலையில் இதற்கு மேல் ஒரு படம் இல்லை.

இசைக்கு இங்கே ஸ்காட் பிராட்லி. ஸ்டாலிங் பாட்டுகளைக் கோத்தார் என்றால் பிராட்லி பெரும்பாலும் புதிதாக எழுதினார், அதுவும் வாத்தியக்காரர்கள் திணறும்படி. அவர் பக்கத்துக்கு 'த கேட் கன்செர்ட்டோ' பாருங்கள். மேடையில் பியானோ வாசிக்கும் டாம், பியானோவுக்குள் தூங்கும் ஜெர்ரி, இசையமைப்பாளர் லிஸ்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இந்தத் தொடர் பெற்ற 7 ஆஸ்கர்களில் இது ஒன்று. அதே சமயத்தில் வார்னரில் ஃப்ரீலெங் எடுத்த 'ராப்சடி ராபிட்' படத்திலும் பக்ஸ் அதே இசையைப் பியானோவில் வாசிக்கிறது, உள்ளே ஒரு எலியும் இருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இரண்டு கூடங்களுக்கும் இடையே சண்டையே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எனக்கு டாம் வாசிப்பதுதான் பிடிக்கும், அந்த விரல்கள் உண்மையிலேயே வாசிக்கத் தெரிந்தவரின் விரல்கள்.

இதே மாதிரி இன்னொரு ஜோடியும் உண்டு: வால்டர் லான்ட்ஸ் கூடத்தில் ஷேமஸ் கல்ஹேன் 1944இல் எடுத்த வுடி வுட்பெக்கர் படம் 'த பார்பர் ஆஃப் செவில்', ஜோன்ஸ் 1950இல் எடுத்த 'ராபிட் ஆஃப் செவில்'. இரண்டிலும் ரொசினியின் இசை, இரண்டிலும் முடிதிருத்தும் நாற்காலி.

எந்தப் பிரதி என்று பார்ப்பது

பெயர் அட்டையில் இயக்குநர் பெயரே இல்லாமல் நீல ரிப்பன் மட்டும் வந்தால், அது மறுவெளியீட்டுப் பிரதி. 1943லிருந்து வார்னர் பழைய படங்களை இப்படித் திரும்ப வெளியிட்டபோது முதல் அட்டைகளை வெட்டிவிட்டது. 1940இல் ஏவரி எடுத்த 'எ வைல்ட் ஹேர்' படத்துக்கும் இது நடந்தது, பக்ஸை இன்றைய பக்ஸாக முதலில் காட்டிய படம் அது. தன் கண்ணைப் பொத்தியது யாரென்று எல்மர் யூகிக்கும் இடத்தில் நடிகை கரோல் லாம்பார்டின் பெயர் இருந்தது, அவர் 1942இல் விமான விபத்தில் இறந்ததால் மறுவெளியீட்டில் வேறு நடிகையின் பெயரைப் போட்டார்கள். முதல் பிரதி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

திரை முழுக்க அகலமாக நிரம்பியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். இந்தப் படங்களில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட சதுரமான பழைய அளவில் எடுக்கப்பட்டவை, அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் முயலின் காது போய்விடும். 1950களின் நடுவிலிருந்து வந்த டாம் அண்ட் ஜெர்ரி போன்ற சில படங்கள் நிஜமாகவே சினிமாஸ்கோப். இன்னொன்று, கதாபாத்திரம் வேகமாக நகரும்போது கருப்புக் கோடுகள் ஆங்காங்கே கரைந்து மறைந்தால், ஃபிலிமின் தூசியை நீக்கும் மென்பொருள் ஓவியத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். வார்னர் படங்களுக்கு 2003 முதல் 2008 வரை வந்த கோல்டன் கலெக்‌ஷன் டிவிடி தொகுப்புகள் ஆறு, கிடைத்தால் அவற்றில் தொடங்குவது நல்லது.

குழந்தைகளோடு பார்ப்பதானால்

முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிதடிக்காகச் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் படங்களில் கருப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகள் நிறைய உண்டு. வெடி வெடித்து முகம் கறுத்தவுடன் வரும் கேலி, டாம் வீட்டில் முகம் காட்டப்படாமல் வரும் பணிப்பெண், போர்க்காலத்தில் ஜப்பானியரை வரைந்த விதம், இவை எல்லாம் அன்றும் தவறுதான், இன்றும் தவறுதான். வார்னரின் 11 படங்களை இதற்காகவே 1968இல் டிவி விநியோகத்திலிருந்து விலக்கினார்கள். அப்படிப்பட்ட காட்சி வந்தால் ஓட்டிவிடாதீர்கள், நிறுத்தி, ஏன் இப்படி வரைந்தார்கள் என்று பிள்ளைகளிடம் பேசுங்கள், எட்டு வயதுக்கு மேல் நன்றாகவே புரியும்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று படம் போதும். நல்ல திரை, நல்ல ஸ்பீக்கர், விளக்கை அணைத்துவிடுங்கள். பெயர் அட்டையைத் தாண்டி ஓட்ட விடாதீர்கள், பெரியவர்கள் யாராவது இயக்குநர் பெயரை உரக்கப் படியுங்கள். 1961, 62இல் ஜீன் டைச் பிராக் நகரில் எடுத்த 13 டாம் அண்ட் ஜெர்ரி படங்களையும், 1963 முதல் சக் ஜோன்ஸ் தயாரித்த 34 படங்களையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ளவற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளை, யாரும் சொல்லாமலேயே, இது வேற ஆள் வரைஞ்சதுப்பா என்று சொல்லும்.